படத்தின் ஓரத்தில் மூன்று விரல்

செய்தி கொண்டு வந்தவன் வாய் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. குப்பம்மாள் அண்ணியின் தம்பி முனுசாமி குடியாத்தத்தில் ரயில் ஏறி, மாரிகுப்பம் ஸ்டேஷனில் இறங்கி, வெயிலில் நடந்து, தங்கவயல் சுரங்கத் தொழிலாளிகள் குடியிருக்கும் எங்கள் லைனுக்கு வந்திருந்தான். எப்போதும் "மாமா, சோறு ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே அடுப்பு வரைக்கும் வந்துவிடுகிறவன், அன்றைக்கு வாசல் தட்டிக்கு வெளியே நின்றான். தோளில் கிடக்க வேண்டிய துண்டு இடுப்பில் இருந்தது. என் சம்சாரம் ரத்தினம் செம்பில் தண்ணீர் நீட்டினாள். அவன் கை நீட்டவில்லை.

"ஆளு சொல்றதைக் கேக்காதே தொரை. ஆளு நிக்கிற எடத்தைப் பாரு" என்று அண்ணியின் புருஷன் ஏழுமலை அண்ணன் என்னிடம் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். பத்தாயிரம் என்று வைத்துக்கொண்டாலும் தப்பில்லை. கடைசியில் அவர் சாவையே நான் அப்படித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"எப்போடா?" என்றேன்.

"முந்தாநேத்து காலைல மாமா. ராவெல்லாம் இருமிக்கினே இருந்தாரு. அப்புறம் நின்னுச்சி. தூங்குறாருன்னு நெனச்சிட்டோம்."

"ஆளு அனுப்பியிருந்தா மொகம் பாத்திருப்பனேடா!"

"வெயிலு மாமா. வெச்சிருக்க முடியல." அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அக்கா ஒண்ணு கேட்டுக்கினு வரச் சொன்னாங்க. நீங்களும் மாமாவும் சேந்து பத்துப் படம் எடுத்தீங்களாமே. அதுல ஒண்ணு வோணுமாம். வூட்டுல மாட்டி வௌக்கு வைக்கணுமாம்."

ரத்தினம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். பத்துப் படம் என்று அண்ணியிடம் சொன்னவன் நான்தான். அதில் எத்தனை உண்மை என்று தெரிந்த ஆள் உலகத்தில் இரண்டு பேர். ஒருவர் போய்விட்டார்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அவரோடு கேஜ் என்ற இரும்புக் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள். மீதிப் பேருக்காகச் சொல்கிறேன். ஏழுமலை அண்ணன் சுரங்கத்தில் டிம்பர் ஆள். பாறை சரியாமல் இருக்க மரக்கட்டைகளை நிறுத்தி முட்டுக் கொடுக்கிற வேலை. மற்றவர்கள் பாறையைத் தட்டிக் காது வைத்துக் கேட்பார்கள். அவர் தொப்பியில் ஒட்டிய மெழுகுவர்த்தியைத் தூக்கிப் பிடித்து, கட்டை நிற்கிற நிலையைப் பார்ப்பார். "பூமி எதுவும் சொல்லாது தொரை. ஆனா அதோட மனசுல இன்னா கீதுன்னு கட்டை நிக்கிறதுலயே தெரிஞ்சிபூடும்." ஒரு நாள் அப்படிப் பார்த்துவிட்டு, கூச்சல் போடாமல், "எல்லாம் கெளம்புங்க" என்றார். கிளம்பினோம். நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் வீடு அளவுக்குப் பாறை விழுந்தது. அன்றைக்கு நான் நாலு பேரைத் தோளில் போட்டுத் தூக்கி வந்தேன் என்று நம் லைனில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியவனும் நான்தான். நாலு பேரும் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள் என்பதே சரி. கடைசியாக வந்த அண்ணனுக்கு மட்டும் கட்டைக்கும் பாறைக்கும் நடுவே வலது கை மாட்டி, ஆள்காட்டி விரல் போயிற்று. அன்றிலிருந்து எதையாவது காட்ட வேண்டுமென்றால் முகவாயால் காட்டுவார், இல்லாவிட்டால் ஒரு மூங்கில் குச்சியால்.

என் பேர் சுப்பராயன். 'தொரை' என்பது அவர் வைத்தது. நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்தவன். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டே ஆபீஸ் துரைமாரோடு இங்கிலீஷில் பேசுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மறுக்கிற அளவுக்குப் படித்தவன் லைனில் யாருமில்லை.

ஆண்டர்சன்பேட்டை மைதானத்தில் முதல் தடவை பயாஸ்கோப் டேரா வந்து கூடாரம் போட்டபோது, வெள்ளைத்துணியில் ஆடுகிற ஊமைப்படத்துக்கு விளக்கம் சொல்ல உள்ளூர் ஆள் ஒருவன் வேண்டும் என்றார்கள். தொண்டை பெரிதாக இருக்கிற ஆள். வேறு யார்? என் குரல் பௌரிங்பேட்டை வரைக்கும் கேட்கும். சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து, குளித்து, தலை வாரி, துணி ஓரமாகப் போய் நிற்பேன். படம் பளிச்சென்று தெரிய, துணிமேல் தண்ணீர் அடித்து நனைப்பார்கள். மிஷினைக் கையால் சுற்றுவார்கள். எதிரே ஆறாயிரம் ஜனம். அறுநூறு என்று ரத்தினம் சொல்வாள். அவள் அப்போது இந்த ஊருக்கே வரவில்லை.

முதல் நாள் படத்தில் ஒரு வெள்ளைக்காரன் வீடு. சின்ன மேஜை, அதன் மேல் விளக்கு, சுவரில் ஆணி. ஒரு ஆணும் ஒரு பெண்ணும். "இதோ, லண்டன் மாநகர மகாராணி, தன் அரண்மனையில்!" என்று எடுத்துவிட்டேன். ஜனம் கை தட்டியது. ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"தொரை, ராணி வூட்டுக் கதவு இம்மாம் சின்னதா இருக்குமா? குனிஞ்சில்ல போறான் அந்தாளு."

சிரிப்பு. ஏழுமலை அண்ணன்தான். விட்டுக்கொடுப்பேனா? "அது ராணியோட பின்கட்டு!" என்றேன். படம் நகர்ந்தது. அடுத்த காட்சியில் அந்தப் பெண் மட்டும் உட்கார்ந்திருக்கிறாள். "ராஜா சந்தைக்குப் போயிருக்கிறார், ராணிக்கு நகை வாங்கி வருவார்" என்றேன்.

"வர மாட்டான்" என்றது அதே குரல். இந்த முறை அதில் விளையாட்டு இல்லை. "ஜன்னல்ல பனி வழியுது பாருங்க. அவன் கோட்டு ஆணியிலயே தொங்குது. இந்தக் குளுருல கோட்டை வுட்டுட்டுப் போனவன் சந்தைக்கா போயிருப்பான்?"

மிஷின் கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது. எல்லோரும் அந்தக் கோட்டையே பார்த்தார்கள். அதுவரை நான் அதைப் பார்க்கவே இல்லை. அந்தப் பெண் எழுந்தாள். மேஜை மேல் இருந்த இரண்டு தட்டில் ஒன்றை எடுத்து உள்ளே வைத்தாள். பெண்கள் பக்கத்தில் யாரோ விசும்பினார்கள். அடுத்த காட்சியில் அவள் கறுப்பு உடையில் வந்தபோது, டேரா முழுக்க ஒரே பெருமூச்சு. சுரங்கத்துக்குப் போகிற ஆளின் வீட்டில் ஆணியில் தொங்குகிற துணிக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காட்டினால் போதும்.

மறுநாள் நானே போய்க் கூப்பிட்டேன். "அண்ணா, நீயும் வா. நான் பேசறேன், நீ காட்டு." அவர் மூங்கில் குச்சியோடு துணிக்கு அந்தப் பக்கம் நின்றார். நான் கத்தி முடித்த பிறகு குச்சி மெதுவாக எழும்பும். மாடிப்படியைத் தொடும். "யாரு மேல்படியில நிக்கிறாங்க? வேலைக்காரி. எஜமானி கீழே. இனிமே இந்த வூடு யாருதுன்னு பாருங்க." விளக்கைத் தொடும். "இவ மொகத்துல வெளிச்சம் வுழுவுது, அவன் மொகத்துல வுழல. அவன் சொல்ற பேச்சை நம்பாதீங்க." பல சமயம் அவர் சொன்னபடியே நடக்கும். நடக்காத நாளில், "படம் புடிச்சவனுக்குக் கண்ணு பத்தலை" என்பார். ஜனம் இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை வந்தது. கதை தெரிந்தும் வந்தது, தட்டு எத்தனை என்று பார்க்க. ஒரு நாள் என் காதில் மட்டும் விழும்படி சொன்னார். "நீ கொஞ்சம் வாயை மூடினா அதுவே பேசும் தொரை." மூட முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை, பார்க்கிறீர்கள் அல்லவா?

அந்த வருஷம்தான் வாணியம்பாடிப் பக்கம் எனக்குப் பெண் பேசினார்கள். பெண்ணின் அப்பாவுக்கு, தங்கவயலில் நான் அரை துரை என்று எழுதிவிட்டிருந்தேன். அதற்கு ஏற்ற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும். ராபர்ட்சன்பேட்டை படக்காரரிடம் போனோம், நானும் அண்ணனும். அவர் கடையில் அரண்மனை எழுதிய திரை, மரத்தூண், பூச்சாடி, ஓடாத கடிகாரம், தடிமனான புத்தகம், குடை, கைத்தடி, நாற்காலி எல்லாம் இருந்தன. எனக்கு எல்லாமே வேண்டும் என்றேன்.

அண்ணன் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். "இத்தினிக்கும் நடுவுல உன்னை எங்க போய்த் தேடறது? பொண்ணு படத்தைப் பாத்துட்டு கடியாரத்தைக் கட்டிக்கவா?" ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே வைத்தார். புத்தகத்தை மட்டும் நான் விடவில்லை. பிடுங்கினார். கடைசியில் நாற்காலி ஒன்று மீந்தது. நான் அதில் போய்க் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன்.

"எழுந்திரு. நீ பக்கத்துல நில்லு. ஒரு கையை நாக்காலி முதுகுல வை."

"அப்ப யாரு உக்காருறது?"

"அதான் கேக்கணும். படத்தைப் பாக்கற பொண்ணும் அதையே கேக்கட்டும்."

படக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுவிட்டு, என் முகத்தில் பாதி இருட்டாக இருக்கிறது என்றார். என் நிறம் அப்படி. அண்ணன் உடனே தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை உதறி, முற்றத்து வெயிலில் இரண்டு கையாலும் அகல விரித்துப் பிடித்தார். வெயில் துண்டில் பட்டுத் திரும்பி என் கன்னத்தில் விழுந்தது. "சிரிக்காதே, மூச்சு வுடாதே, அந்தப் பொண்ணு வந்து உக்காந்துட்டான்னு நெனச்சிக்கோ" என்றார். நான் நினைத்துக்கொண்டேன். அந்த ஒரு நிமிஷம் என் ஆயுசிலேயே நான் பொய் சொல்லாமல் நின்ற நிமிஷம்.

படம் வந்தபோது பார்த்தால், இடது ஓரத்தில் துண்டின் விளிம்பும் அதைப் பிடித்த மூன்று விரலும் விழுந்திருந்தன. கட்டைவிரல் துண்டுக்குப் பின்னால். நாலாவது இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துணி. படக்காரர் வெட்டித் தருகிறேன் என்றார். அண்ணனும், "வெட்டிடு தொரை. கதைக்குச் சம்பந்தம் இல்லாதது உள்ள இருக்கக்கூடாது" என்றார். வெட்டினால் படம் சின்னதாகிவிடும் என்று நான் விடவில்லை. பெரிய படம் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். வேறு பெருந்தன்மை ஏதுமில்லை.

பெண் கொடுத்தார்கள். ரத்தினம் வந்து மூன்றாம் மாதம் ஒரு நாள் கேட்டேன், அந்த நாற்காலியைப் பார்த்துத்தானே சம்மதித்தாய் என்று. "நாக்காலியை எங்கப்பா பாத்தாரு" என்றாள். "நான் அந்த விரலைத்தான் பாத்தேன். வெயில்ல நின்னு துண்டு புடிக்க ஒரு ஆளு கீறாருன்னா, இந்த மனுசன் அம்மாம் மோசமா இருக்க மாட்டாருன்னு தோணுச்சி." இதை அண்ணனிடம் சொன்னேன். ரத்தினம் கூடவே கொண்டுவந்து சுவரில் மாட்டியிருந்த படத்துக்குப் பக்கத்தில் போய் அந்த ஓரத்தைப் பார்த்தார். பிறகு, "என் கண்ணுக்கு அது தப்பாத் தெரிஞ்சுதே" என்றார். அவர் தோற்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். தோற்றதில் அவருக்கு எவ்வளவு சந்தோஷம்!

குப்பம்மாள் அண்ணிக்குப் படம் என்றாலே பயம். படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று நம்பினார். அண்ணனும் அதற்குக் கட்டுப்பட்டு ஒரு நாள்கூடப் படப்பெட்டிக்கு முன்னால் நிற்கவில்லை. "நான் போய் நின்னா வெளிச்சம் எங்க வுழுவுதுன்னு யாரு பாக்கறது?" என்று எங்களிடம் வேறு காரணம் சொல்வார். நான் சும்மா இருப்பேனா? "அண்ணி, உங்க வூட்டுக்காரரைப் பத்துப் படம் எடுத்தாச்சி! உக்காந்து ரெண்டு, நின்னு எட்டு!" என்று கொளுத்திப் போட்டேன். அண்ணி துடைப்பத்தை எடுத்தார். "உன் வாயில மண்ணு வுழ! அவருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உன்னை வுட மாட்டேன் தம்பி!" அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். மறுக்கவில்லை. மறுத்திருக்கலாம்.

பாறைத்தூசு அவர் நெஞ்சில் இறங்கி, இனி கீழே போக முடியாது என்றான பிறகு குடும்பத்தோடு குடியாத்தம் பக்கம் அவர் ஊருக்குக் கிளம்பினார். ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு என்னைத் திட்டினார். "வண்டியோட வால் பக்கம் வந்து நிக்கறியே. வண்டி கெளம்பினா சட்டுனு காணாம பூடுவே. எஞ்சினுக்கு முன்னால, அந்தக் கடைசிக்குப் போய் நில்லு. அப்பத்தான் ரொம்ப நேரம் தெரிவே." போய் நின்றேன். வண்டி முழுசும் என் முன்னால் கடந்து போயிற்று. வெள்ளைத் துண்டு ஒன்று ஜன்னலுக்கு வெளியே இருந்தது. அது துண்டாகத் தெரிந்து, காகிதமாகத் தெரிந்து, பிறகு வெயிலாகிவிட்டது. அதற்கப்புறம் அவரை நான் பார்க்கவில்லை. 'அடுத்த பண்டிகைக்கு வருகிறேன்' என்று இரண்டு கடுதாசி எழுதினேன்.

முனுசாமி செய்தி சொன்ன அன்று ராத்திரி ஒரு காரியம் செய்து பார்த்தேன். கண்ணை மூடி அண்ணன் முகத்தை நினைத்தேன். முதலில் மீசை வந்தது. மீசை வைத்திருந்தாரா? பயாஸ்கோப் கதையை லைனில் சொல்லும்போதெல்லாம் ஆள் கம்பீரமாக இருக்கட்டும் என்று நான் வைத்த மீசையாகவும் இருக்கலாம். உயரத்தைக் கூட்டினேன். குரலைக் கனமாக்கினேன். வருஷக்கணக்காக அவரைச் சொல்லிச் சொல்லி, எது அவர், எது நான் சேர்த்தது என்று எனக்கே தெரியாமல் போயிற்று. இத்தனை பேரை வாயால் உயரமாக்கியவனுக்குத் தன் அண்ணன் முகம் மட்டும் சரியாக வரவில்லை. என் கை படாத ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சுவரில் தொங்கிய என் படத்தின் இடது ஓரம்.

கழற்றி எடுத்தேன். ரத்தினத்துக்கு உடனே புரிந்துவிட்டது. முகம் வெளுத்தது.

"அப்படியே குடுத்தா வௌக்கு வைப்பாங்க, மாலை போடுவாங்க. உசுரோட கீற ஆளுக்கு மாலையா? விரல் இருக்கிற பக்கத்தை மட்டும் வெட்டிக் குடுங்க."

அவள் சொன்னதும் நியாயம்தான். கத்தரிக்கோலை எடுத்து வந்து துண்டு முடிகிற இடத்தில் வைத்தேன். வைத்தவன் நின்றுவிட்டேன். வெட்டினால் ஒரு முழு விரல் அகலத்தில் காகிதம் வரும். அதில் ஒரு கை, எதற்காகவோ ஒரு துணியைப் பிடித்துக்கொண்டிருக்கும். வெளிச்சம் எங்கே விழுகிறது என்றே தெரியாது. என் கருத்த கன்னம் பக்கத்தில் இருந்தால்தானே அந்தக் கை என்ன செய்கிறது என்று தெரியும்? "வெட்டிடு தொரை" என்று அவர் சொன்னது காதில் கேட்டது. அன்றைக்குக் காகிதம் சின்னதாகும் என்று வெட்டவில்லை.

கத்தரிக்கோலை என் கையிலிருந்து வாங்கியது ரத்தினம். எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாள். "வேணாம். நான் அதைப் பாத்துத்தான் இந்த வூட்டுக்கு வந்தேன்."

மறுநாள் கிளம்பிய முனுசாமியிடம் படத்தைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். கூடவே நானே எழுதிய கடுதாசி. நான் எழுதியதிலேயே சின்னது அதுதான். 'அண்ணி, பத்துப் படம் என்றது பொய். ஒன்றுகூட இல்லை. அண்ணன் உங்கள் பேச்சை மீறவில்லை. இதில் அவர் விரல் மட்டும் தெரியும். எனக்குப் பக்கத்தில் வெளிச்சமாக இருப்பதெல்லாம் அவர் கொடுத்தது.' கொஞ்சம் கூட்டி எழுதலாமா என்று கை துறுதுறுத்தது. எழுதவில்லை.

பத்து நாள் கழித்து முனுசாமி வந்தான். இந்த முறை அடுப்பு வரைக்கும் வந்தான்.

"உங்கக்கா படத்தைப் பாத்துட்டு இன்னா சொன்னாங்க?"

"அக்காவே துணியைப் பிரிச்சாங்க மாமா. அந்த விரல் மேல விரலை வெச்சிக்கினு உக்காந்திருந்தாங்க. அப்புறம், 'என் பேச்சை மீறலையாடா அவரு?'ன்னு கேட்டு அழுதாங்க. நீங்க உசுரோட கீறீங்கன்னு மாலையைச் சட்டம் முழுக்கப் போடல. அந்த மூலையில மட்டும் ஒரு மொழம் பூவைச் சொருவி வெச்சிருக்காங்க. வௌக்கும் அந்தப் பக்கமாவே."

"பாக்கறவங்க இன்னா கேக்கறாங்க?"

முனுசாமி சிரிப்பை அடக்கினான். "நடுவுல நிக்கறது யாருன்னு கேக்கறாங்க. அக்கா, 'அது அவரு வெளிச்சம் காட்டின ஆளு'ன்றாங்க."

என்னைப் பற்றி எத்தனையோ பேரிடம் எத்தனையோ விதமாக நான் சொல்லிவைத்திருக்கிறேன். இப்படி ஒரு பேர் எனக்கு நானே வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

எங்கள் வீட்டுச் சுவரில் இப்போது ஆணி மட்டும் இருக்கிறது. அடுப்புப் புகையில் சுவரெல்லாம் பழுப்பேறிவிட்டது. படம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக, ஒரு துண்டை விரித்துப் பிடித்த மாதிரி. பண்டிகைக்குச் சுண்ணாம்பு அடிக்கலாமா என்று ரத்தினம் கேட்டாள். அந்தச் சுவருக்கு வேண்டாம் என்றேன். அந்த ஆணியில் நான் துணிகூட மாட்டுவதில்லை. வருகிறவர்கள், "இன்னா மாமா இருந்துச்சி அங்க?" என்று கேட்கிறார்கள். எனக்கு ஆறாயிரம் ஜனம் எதிரே நின்ற தொண்டை இருக்கிறது. ஆனாலும் அந்தக் கேள்விக்கு மட்டும் நான் வாயைத் திறப்பதில்லை. முகவாயால் காட்டுகிறேன்.